அறுபடாத கோடு

மலைமேல் சாயங்கால மழை இறங்கிக்கொண்டிருக்கிறது. வேங்கிக்கால் மருத்துவமனை அறையில் வயர்லெஸ் இணைப்பைக் கவனிக்கும் தேவிப்ரியா திரையின் முன் உட்கார்ந்திருக்கிறாள். டாக்டர் இனியா அவள் பின்னால் நிற்கிறார். அடி அண்ணாமலை மருத்துவ முகாமில், கிரிவலம் வந்த சந்திரம்மாள் மயங்கிக் கிடக்கிறாள். அவளுடைய இசிஜி அங்கிருந்து வர வேண்டும். மின்னல் வெட்டுகிறது, ஸ்பீக்கர் கரகரக்கிறது, திரை வெறுமையாகவே இருக்கிறது. “சிக்னல் போயிடுச்சாம்மா?” என்கிறார் டாக்டர். “இல்லைங்க. இசிஜிய துண்டு துண்டாக்கி, வரிசையக் கலைச்சுதான் அனுப்புறாங்க. மின்னல் மொத்தமா ஒரு இடத்துல முழுங்கினாலும், திரும்ப அடுக்கும்போது அங்கங்க ஒரு புள்ளிதான் கொறையும். அத மெஷினே சரி பண்ணிக்கும். எல்லாம் வந்து சேரணும், கொஞ்சம் பொறுங்க.” ஜன்னல் கண்ணாடியில் நீர் வழிகிறது. டாக்டரின் விரல் நாற்காலி முதுகைத் தட்டுகிறது, நிற்கிறது. பச்சைக் கோடு எங்கும் அறுபடாமல் ஓடத் தொடங்குகிறது. ஒவ்வொரு துடிப்புக்குப் பிறகும் இறங்க வேண்டிய இடத்தில் இறங்காமல் மேடு கட்டி நிற்கிறது. டாக்டர் குனிகிறார். “இது மின்னலோட வேலையா?” தேவிப்ரியா திரையின் ஓரத்தில் எரியும் பிழைக்கணக்கு எண்களைப் பார்க்கிறாள். திருத்தப்படாமல் எந்தத் துண்டும் விட்டுப்போகவில்லை. “இல்லைங்க டாக்டர். அது அந்தம்மா நெஞ்சு.” டாக்டர் அதற்குள் போனை எடுத்துவிட்டார். “ஹார்ட் அட்டாக். ஆம்புலன்ஸ உடனே எடுக்கச் சொல்லுங்க.”