குழி விழுந்த ரிவெட்டு

"மறுபடியும் மாத்திட்டான்!" பெர்னார்ட் டின்னைக் கவிழ்த்துப் பார்த்தான். சாப்பாட்டுக்குப் போகுமுன் அவன் போட்டுவைத்த ரிவெட்டு ஆணிகளில் ஒன்றுகூட அதில் இல்லை; எல்லாம் வேறு.

தெப்ராவ் விமானக் கொட்டகையில் அவனுக்கு ஒரே வேலை. ஜப்பான்காரனிடம் தோற்று வெள்ளைக்காரன் விட்டுப்போன மூட்டைகளில் கலந்து கிடக்கும் ரிவெட்டுகளில், விமானத்தின் உடம்புத் தகட்டுக்கு ஆகிற நல்லதைப் பொறுக்கி டின்னில் போட வேண்டும். ஜப்பானிய மேஸ்திரி சைகையில் சொன்னது அவ்வளவுதான்.

சயாம் ரயில் பாதை போட ஜப்பான்காரன் பிடித்துப்போன தம்பி ரோலண்ட் திரும்பி வரவில்லை. அதனால், இவன் விமானம் விழட்டும் என்று பெர்னார்ட் மூன்று மாதமாகச் சொத்தையையே பொறுக்கினான். தலை வழவழப்பாக இருந்ததை ஒதுக்கிவிட்டு, நடுவில் குழி விழுந்ததை மட்டும் டின்னில் போட்டான். மேஸ்திரி சாயங்காலம் அதை விரலால் தடவிப் பார்த்து, முதுகில் தட்டி, ஒரு பிடி அரிசி கூடக் கொடுப்பான். மடையன் என்று பெர்னார்ட் உள்ளுக்குள் சிரித்துக்கொள்வான்.

ஒரு வாரமாகத்தான் இந்தத் தொல்லை. யாரோ மாற்றுவதும், அவன் திரும்ப மாற்றுவதும்.

மறுநாள் சாப்பிடப் போகாமல் மூட்டைகளுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டான். வந்தது கண்ணப்பன்! போருக்கு முன் சிங்கப்பூரில் விமானச் சாமான் ஸ்டோரில் கணக்கெழுதிய கிராணி. இப்போது மரவள்ளிக்கிழங்கைக்கூடப் பாதி பிட்டுக் கொடுக்கிற கூட்டாளி. குழி விழுந்ததை மடியில் கொட்டிக்கொண்டு, வழவழப்பானதை டின்னில் நிரப்பினான்.

"நீயாடா? என் தம்பியைக் கொன்னவன் பிளேன் விழக் கூடாதுன்னு நல்லதாப் பார்த்துப் போடுறியா?" பெர்னார்ட் அவன் சட்டையைப் பிடித்தான். "காட்டுல இருந்து ஜப்பான்காரனை அடிக்கிற கொரில்லாக்காரங்ககிட்ட உன் பேரைச் சொல்லவா? துரோகின்னா வீடு தேடி வந்து சுடுவாங்க."

"நல்லதா? இதுவா?" கண்ணப்பன் ஒன்றை எடுத்து நீட்டினான். "அலமாக்! இது வெறும் அலுமினியம்லா. தகரப் பெட்டிக்குத்தான் ஆகும். நாலு தடவை பறந்தா தகடு பிச்சுக்கும்."

"அப்போ இந்தச் சொத்தை?"

"சொத்தையா? அந்தக் குழி, கெட்டியான ரிவெட்டுன்னு செஞ்சவன் போட்ட அடையாளம்டா."

பெர்னார்டின் பிடி தளர்ந்தது. மூன்று மாதம். அத்தனை விமானங்கள்.

"சத்தியமா எனக்குத் தெரியாதுடா. ஒரு வார்த்தை நீ சொல்லியிருக்கலாமே?"

"நீ அரிசிக்கு விலைபோயிட்டன்னு நெனச்சேன்." கண்ணப்பனின் முகம் வெளுத்தது. ரப்பர்க்காட்டுப் பக்கம் பார்த்தபடியே சொன்னான்.

"நேத்தே அவங்ககிட்ட உன் பேரைக் கொடுத்துட்டேன்டா."