தொடாத எண்ணெய்

கத்தோலிக்கர் அதிகமுள்ள நாடுகளுக்கே நிஜச் சாமியார்கள் என்று திருச்சபை முடிவு செய்தபின், பிள்ளைகளெல்லாம் வளைகுடாவுக்குப் போய்விட்ட அந்தக் கடற்கரை ஊருக்கு ஹாலோகிராம் ஒளியுருவாக வரும் சாமியார்தான் வாய்த்தார்.

சாகக் கிடந்த ரெமிஜியுஸுக்கு, சாமியார் மட்டுமே பூசக்கூடிய கடைசி எண்ணெயைப் பூச அவர் விரலை நீட்டினார். விரல் கிண்ணத்தையும் நெற்றியையும் ஊடுருவிப் போய் வந்தது.

"பூசியாச்சும்மா."

மனைவி செலஸ்தீனா புருஷனின் நெற்றியைத் தடவிப் பார்த்தாள். காய்ந்து கிடந்தது. அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"காலமெல்லாம் கோயில் மணி அடிச்ச மனுசன் சாமி. இங்க ஆள் கம்மின்னு எண்ணுனவங்களுக்கு இவரு ஒரு ஆளாத் தெரியலையா?"

"கணக்குப்படி..." என்று சாமியார் இழுத்தார்.

செலஸ்தீனா கிண்ணத்தில் விரலைத் தோய்த்து, புருஷனின் நெற்றியில் சிலுவை வரைந்தாள்.

"நீங்க பூசுனா செல்லாதும்மா," என்றார் சாமியார்.

"முதல்ல உங்க விரல் நனையட்டும் சாமி, அப்புறம் சொல்லுங்க."