பத்தாம் தேதிச் சலான்

"ஐயா, செத்தவன் இந்த மாசமும் கட்டியிருக்கான்."

அலுவலக எழுத்தர் அனுசியா வங்கிக் கணக்குத் தாளை மேசையில் வைத்துவிட்டு இரண்டடி தள்ளி நின்றாள். தாளைத் தொட்ட விரலைச் சேலையில் துடைத்துக்கொண்டாள்.

வைகுண்டராஜ் பார்த்தார். பத்தாம் தேதி. ஸ்ரீவில்லிபுத்தூர் கிளை. ரொக்கம் ஐந்நூறு. செலுத்தியவர் பெயர் கௌதம்ராஜ்.

"எத்தனாவது?"

"பதினேழாவது. எட்டாயிரத்து ஐந்நூறு ஆச்சு."

ராஜபாளையத்தில் கல்லூரிக்கு எதிரே இருக்கும் கிறிஸ்தவ மாணவர் டிரஸ்டுக்கு வைகுண்டராஜ் ஒன்பது வருஷமாகப் பொருளாளர். வசதி இல்லாத பிள்ளைகளுக்கு ஃபீஸ் கட்டுவார்கள். வேலை கிடைத்ததும் பிள்ளைகள் தவணையாகத் திருப்பிக் கட்ட, அது அடுத்த பிள்ளைக்குப் போகும். அடுத்த மாசம் பன்னிரண்டாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, அவரைத் தலைவர் ஆக்கப்போகிறார்கள்.

"வாங்கினவன் கட்டுனா சரி. இவன் வாங்கவே இல்லையேய்யா? நம்ம லெட்ஜர்ல இவன் பேரே கிடையாது."

"கிடையாது."

"கேட்டாவது வந்தானா?"

அவர் தாளை நாலாக மடித்தார். "வந்தான். ஊர்ச் சபைப் போதகர் கடிதத்துல சீல் இல்ல. திருப்பி அனுப்பிட்டேன்."

"எம்புட்டு கேட்டான்?"

"ஒம்பதாயிரம்."

அனுசியா வாயில் கை வைத்தாள். "அப்ப இன்னும் ஒரு ஐந்நூறுதான் பாக்கி."

 மடித்த தாளை அவர் மறுபடி பிரித்தார்.

"பிள்ளைக பேசிக்கிட்டாகய்யா. ரெண்டு மாசம் மில்லுல நைட் ஷிப்ட் பாத்து ஃபீஸைக் கட்டினானாம். கட்டுன மறுநாள் விடியக்காலம், தூக்கக் கலக்கத்துல சேத்தூர் ரோட்டுல நின்ன லாரியில பைக்கை..."

"தெரியும். அன்னைக்குத் தேதி பத்து."

திருப்பி அனுப்பிய அன்றைக்கு அவன் சண்டை போட்டிருந்தால்கூடத் தேவலை. "சரிய்யா. அம்மாட்ட நான் சொல்லிக்கிடுதேன்" என்று மட்டும் சொன்னான். அலுவலகக் கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுப் போனான். இப்போதெல்லாம் அந்தக் கதவு காற்றில் அசைந்தாலும் அவர் நிமிர்ந்து பார்க்கிறார். அம்மாட்ட என்ன சொல்லியிருப்பான்?

"சதீஷ் சார் வேலையா இருக்குமோ? அவருக்கும் தலைவர் பதவி மேல ஒரு கண்ணு."

"சதீஷுக்கு எப்படித் தெரியும்? ரூமுக்குள்ள நானும் அவனும் மட்டும்தான் இருந்தோம்."

"அப்ப அவனேதான் கட்டுதானா? ஏசப்பா!"

"சும்மா இரு அனுசியா. இது யாருன்னு தெரியாம என்னால அந்த நாற்காலியில உக்கார முடியாது."

மறுநாள் ஸ்ரீவில்லிபுத்தூர் போனார். வங்கி அதிகாரி பதினேழு சலான்களையும் எடுத்துக் காட்டினார்.

"பாருங்க சார், ஒரு ஆளு எழுதுனது மாதிரியே இல்ல. பதினேழுலயும் பதினேழு கையெழுத்து."

சாய்ந்த எழுத்து, குண்டு எழுத்து, கிறுக்கல், ஒன்று அச்சடித்தது போல. ஊரே கூடி நின்று விரல் நீட்டுவதைப்போல இருந்தது அவருக்கு.

அடுத்த பத்தாம் தேதி காலையில் வங்கி திறந்ததும் உள்ளே போய் உட்கார்ந்தார். பத்தரை ஆனது. பதினொன்றரை ஆனது. வாசலில் நிழல் விழும்போதெல்லாம் மோட்டார் பைக்கை நிறுத்திவிட்டு ஒரு பையன் வருகிறானா என்று பார்த்தார்.

"ஐயா, பேனா வச்சிருக்கீயளா?"

ஒரு பெண். நூறு நாள் வேலைக்குப் போய்க் கறுத்த கை, செம்மண் போகாத நகம்.

"மகாராஜபுரத்துல இருந்து வாரேன். எழுதப் படிக்கத் தெரியாதுய்யா. செத்த இந்தச் சீட்டை எழுதித் தாரீயளா? மாசாமாசம் யாராவது ஒரு புண்ணியவான் எழுதித் தருவாக."

அவர் சலானை வாங்கினார். "என்ன பேரு?"

"எம்மவன் பேரு போடுங்க. கௌதம்ராஜ். கடன் அவன் பேர்லதான இருக்கு?"

பேனா நின்றது.

"எழுத வரலையாய்யா?"

"வருதும்மா. எம்புட்டு?"

"ஐந்நூறு. இன்னையோட முடிஞ்சிருது, ஆண்டவருக்கு ஸ்தோத்திரம். நம்பரு இதுல இருக்கு, அவன் பெட்டியில கிடந்துச்சு."

பாலிதீன் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினாள். டிரஸ்டின் விண்ணப்பப் படிவம். கணக்கு எண் மேலே தெரியும்படி மடித்திருந்தது. அந்த எண் அவருக்கு மனப்பாடம். ஆனாலும் கை தானாக மடிப்பைப் பிரித்தது.

உள்ளே சிவப்பு மையில், சாய்வாக: 'சீல் இல்லை. நிராகரிக்கப்பட்டது.' கீழே அவர் கையெழுத்து.

"அம்மா..." படிவத்தை அவள் பக்கம் திருப்பினார். "இதைப் பத்தி உங்க மகன் உங்ககிட்ட என்ன சொன்னான்?"

அவள் அந்தச் சிவப்பு எழுத்தை விரலால் தடவினாள், மை அழிந்துவிடக் கூடாது என்பதுபோல மெதுவாக.

"வைகுண்டராஜ் ஐயா ஒம்பதாயிரத்தையும் அன்னைக்கே எடுத்துக் குடுத்துட்டாகம்மான்னு சொன்னான்யா."