சிவப்பு நின்ற கண்ணாடி

பரிசோதனைக்கூடத்தில் சளிக்குச் சாயம் ஏற்றுவது அக்காவின் வேலை. எல்லோருக்கும் அவள் அக்காதான். சிவப்புச் சாயம் ஊற்றிச் சூடுகாட்டி அமிலத்தில் அலசினால் மற்றதெல்லாம் வெளுத்துவிடும். காசநோய்க் கிருமி மட்டும் சிவப்பாகவே நிற்கும். சொந்தத் தம்பியின் சளியிலும் அது நின்றதைப் பார்த்துத் தலைபாடாக அடித்துக்கொண்டு சொன்னாள். பெரிய டாக்டர் குனிந்துகூடப் பார்க்காமல் 'கிருமி இல்லை' என்று எழுதினார். மருந்து கிடைக்காமலே தம்பி போய்ச் சேர்ந்தான்.

வேலைக்குத் திரும்பிய அன்று காலை, தம்பியின் சளி பூசிய அந்தக் கண்ணாடித் துண்டை அவருடைய மைக்ரோஸ்கோப்பில் வைத்தாள்.

"இப்பவாவது பாருங்க."

"போனவன் போயிட்டான். இனிமே பார்த்து என்னம்மா ஆகப்போகுது?"

"குனிஞ்சு பாருங்கன்னு சொல்றேன்ல!"

அவள் போட்ட சத்தத்தில் பக்கத்து அறையில் பேச்சு நின்றது. அவர் குனிந்தார்.

"நகருதே," என்றார்.

சூட்டில் செத்த கிருமி நகராது. அது அவருக்கும் தெரியும்.

"சரியா அலசலை. அலசிட்டு வா."

வெடுக்கென்று பிடுங்கிப் போய், கண்ணாடி பளிச்சென்று ஆகும்வரை மூன்று முறை அமிலம் ஊற்றினாள். துணியால் அழுத்தித் துடைத்தாள். திரும்ப வைத்தாள்.

"இருக்கா, இல்லையா?"

"இருக்கு."

"அதை எழுதுங்க."

எழுதினார். பிறகு அவள் குனிந்து பார்த்தாள். வெறும் கண்ணாடி. ஒரு புள்ளிகூட இல்லை.

பல்லைக் கடித்துக்கொண்டு நிமிர்ந்தாள். பெரிய டாக்டர் ஜன்னலோரம் போய், இரண்டு கண்களையும் இறுக மூடிக்கொண்டு நின்றிருந்தார்.

"சிவப்பா நகர்ந்து வருதும்மா," என்றார். "இன்னும் வந்துக்கிட்டே இருக்கு."