வியாழக்கிழமைத் தண்ணீர்

ஓடையில் தண்ணீர் இளநீர் மாதிரி ஓடிக்கொண்டிருந்தது. மாரியாத்தாளுக்கு வயிறு எரிந்தது.

முந்தாநாள் கத்தரிப்பூ நிறம். நேற்றுப் பச்சை. தொண்ணூற்று மூன்றில் மேட்டுக்காட்டில் சாயப்பட்டறை வந்ததிலிருந்து, நொய்யலில் போய் விழுகிற இந்த ஓடையில் சாயக்கழிவைத் தவிர வேறெதுவும் ஓடியதில்லை. ஆபீசர் பாட்டிலோடு வந்து நிற்கிற இந்த வியாழக்கிழமையாகப் பார்த்து நல்ல பிள்ளை வேஷம் போடுகிறது.

கழிவை அடைத்துவிட்டு, போர்வெல் தண்ணீரைத் திறந்து விட்டிருக்கிறார்கள். இதைக் கண்டுபிடிக்கப் படிப்பா வேண்டும்?

அவள் போட்ட இரண்டு மனுவுக்கு வராமல் மூன்றாவது மனுவுக்கு வந்த மாசுக் கட்டுப்பாட்டு வாரிய ஆபீசர் குனிந்து பாட்டிலை நிரப்பினார். வெயிலுக்கு நேராகத் தூக்கிப் பார்த்தார்.

"ஒண்ணுமில்லைன்னு ரிப்போர்ட் வந்தா ஃபைலை மூடிருவாங்கம்மா."

கெட்ட மனுஷராகவும் தெரியவில்லை. அதனால் திட்டவும் வழியில்லை.

ஃபைலை மூடினால் கிணற்றையும் மூட வேண்டியதுதான். அந்தத் தண்ணீரில் மாடு வாய் வைப்பதில்லை. இருக்கிற அரை ஏக்கரில் போட்ட கத்தரிச்செடி, மண்ணில் உப்புப் பூத்துக் கருகிக் கிடக்கிறது. அதை விட்டால் அவளுக்கு வேறு பிழைப்புக் கிடையாது.

எந்தப் புண்ணியவான் போட்டுக்கொடுத்தான்?

ஆபீசர் வருகிற தேதி போட்டுக் கடுதாசி வந்த அன்றே அதை அரிசிப் பானைக்குள் ஒளித்து வைத்தாள். கூடப்பிறந்த தங்கச்சியிடம்கூட மூச்சு விடவில்லை. புருஷனுக்கு ஓட்டை வாய். நாலு நாளைக்கு முன்பே அவரைப் போத்தனூரில் இருக்கிற அவர் அக்கா வீட்டுக்குப் பஸ் ஏற்றி அனுப்பிவிட்டாள்.

அப்படியானால் தபால்காரன்தான் பிரித்துப் படித்திருப்பான். நாசமாய்ப் போனவன்.

ஆபீசர் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போடும்போதும் திட்டினாள். வாசல் வேப்பமரத்தடியில் அவருக்குக் காபி கொடுக்கும்போதும் மனசுக்குள் திட்டினாள். ஜீப் கிளம்பிப் புழுதி அடங்குவதற்குள் தபால்காரனின் ஏழு தலைமுறையும் நாறிவிட்டது.

அடுத்த கால் மணி நேரத்தில் சாயப்பட்டறை வாட்ச்மேன் வேலுமணி வந்து சைக்கிளை நிறுத்தினான். உள்ளே வராமல் வேலிக்கு அந்தப் பக்கமே நின்று, பணிவாகத்தான் கேட்டான்.

"ஏனுங்கக்கா, ஆபீசரு போயிட்டாருங்களா? நேத்து நீங்க வாங்கிட்டு வந்த சேரை எடுத்துட்டு வரச் சொன்னாருங்க மேனேஜரு."

மாரியாத்தாள் வேப்பமரத்தடியைப் பார்த்தாள்.

கோயமுத்தூரிலிருந்து வருகிற மனுஷரைக் கயிற்றுக் கட்டிலில் உட்கார வைப்பதா என்று, நேற்றுச் சாயந்திரம் மேட்டுக்காட்டுக்கு நடந்து போனவள் அவள்தான். சுற்றுவட்டாரத்தில் அங்கேதான் நல்ல சேர் இருக்கிறது. எதற்கு என்று மேனேஜர் மரியாதையாகக் கேட்டார். கேட்டவருக்குப் பதில் சொல்லாமல் வருவது நன்றாயிருக்காதே என்று, யார் வருகிறார், எத்தனை மணிக்கு வருகிறார் என்பது வரை சொல்லிவிட்டு வந்தவளும் அவள்தான்.

வேலுமணி காத்துக்கொண்டு நின்றான்.

அவள் முந்தானையால் சேரைத் துடைத்துக் கொடுத்தாள்.