ஊசி போடுவதற்கு முன்

"இந்தக் காலத்துல எவன் வாயிலயாவது ஒரு பேச்சு தங்குதா? திங்கறத போன்ல காட்டறான், பொண்டாட்டியோட சண்டை போடறத போன்ல காட்டறான். அழுதாக்கூட ஒரு கையில போனப் புடிச்சுக்கிட்டுத்தான் அழறான். மானங்கெட்ட பயலுக!"

ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடி இரைந்தார் டிரைவர்.

"மெதுவாய்யா, எல்லாருக்கும் கேக்குது" என்றார் பக்கத்து ஸ்டூலில் இருந்த ஸ்டெப்னி.

காலமெல்லாம் லாரி இன்ஜினோடு போட்டி போட்டுப் பேசிய தொண்டை. டிரைவர் ரகசியம் பேசினாலே மூன்று கட்டில் தள்ளிக் கேட்கும். ஸ்டெப்னி பஞ்சர் கடைக்காரர். டிரைவர் எங்கே போனாலும் லாரியின் மாற்று டயர்போலக் கூடவே தொற்றிக்கொண்டு போவதால் அந்தப் பெயர்.

"மயக்க ஊசி போட்டதும் நீ என்னமோ உளறினேன்னு காலையில சொன்னியே. அதை இன்னொரு தரம் சொல்லு" என்றார் டிரைவர்.

"அதுவா? கண்ணு முழிச்சதும் என் வீட்டுக்காரியப் பாத்து, 'உன் தங்கச்சிய நெனச்சுக்கிட்டுத்தான் நான் பொண்ணு பாக்கவே வந்தேன்'னு சொல்லிட்டேன். ஒரு மாசம் கடையில, டயர் மேலதான் படுக்கை."

"சிரிக்காதே. எனக்கு ஈரக்குலை நடுங்குது."

வாய் வழியாகக் குழாய் விட்டு வயிற்றைப் பார்ப்பார்களாம். குழாய்க்கு அவர் பயப்படவில்லை. பிரேக் பிடிக்காத வண்டியை மலையிலிருந்து இறக்கியவர். பயமெல்லாம் அந்த ஊசிக்கு. தொண்டை மரத்துப்போய்க் கிடந்தது. நாக்கு தடித்துச் சொற்கள் வழுக்கின. மேலே நின்றுபோன மின்விசிறி சுற்றுவதுபோல் இருந்தது. பயந்தால் மனுஷனுக்கு இப்படியெல்லாமா ஆகும்? புறங்கையில் வேறு பஞ்சு ஒட்டியிருந்தது. சொல்லாமல் கொள்ளாமல் ரத்தம் எடுத்திருப்பான்கள். எடுத்து விற்றாலும் விற்பான்கள்.

"எனக்கும் ஒரு விஷயம் இருக்குய்யா. ஊசி போட்டா அது வெளிய வந்துடும்."

"மச்சான் விஷயம்தானே?"

டிரைவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. "உனக்கு எப்படித் தெரியும்?"

"நீதான் சொன்னே."

"எப்ப?"

"சொன்னேய்யா. பரவால்ல, மறுபடி சொல்லு. கேக்க நல்லாத்தான் இருக்கு."

டிரைவர் அவரைச் சந்தேகமாகப் பார்த்துவிட்டு, தன் கணக்கில் குரலைத் தாழ்த்தினார்.

"ரெண்டு நாள் தங்கறேன்னு வந்தான் என் வீட்டுக்காரி தம்பி. மூணு வருஷம் நகரல. என் கட்டில் அவனுக்கு, ஃபேன் அவனுக்கு. வண்டி ஓட்டிட்டு வந்து நான் வாசப்படியில சுருண்டு படுக்கணும். ஒரு நாள் சாயங்காலம் நல்ல மழை, கரண்ட் போச்சு. நான் லோடு ஏத்தப் போயிருக்கேன்னு நெனச்சுக்கிட்டிருந்தாங்க. வெள்ளைப் போர்வையத் தலையோட போத்திக்கிட்டு, ஜன்னல்ல ஏறி நின்னு..."

"'என் கட்டிலக் குடுடா'ன்னு மூக்கால கேட்டே" என்று முடித்தார் ஸ்டெப்னி.

"அதுவும் தெரியுமா?"

"ஒத்தச் செருப்போட ஓடினவன் பஸ் ஸ்டாண்டுலதானே நின்னான்!"

தடுப்புத் திரைக்கு அந்தப் பக்கம் யாரோ இருமலை அடக்குவதுபோல் ஒரு சத்தம்.

டிரைவர் சிரிக்கவில்லை. கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டார். "அன்னையிலேர்ந்து வீட்டுல பேய் இருக்குன்னு அவளுக்குப் பயம். என் கையக் கெட்டியாப் புடிச்சுக்கிட்டாத்தான் தூக்கமே வரும். கூடப்பொறந்தவனத் துரத்தின பேய் நான்தான்னு தெரிஞ்சா கைய விட்டுடுவாய்யா. வீட்ட விட்டே போயிடுவா. இந்த வயசுல நான் தனியா என்ன பண்ணுவேன்?"

ஸ்டெப்னி திரையையே பார்த்தார்.

"ஊசி போட்டதும் என் வாய நீ பொத்திக்கணும். அவள உள்ள விடாதே. சத்தியம் பண்ணு!"

அதற்குள் நர்ஸ் வந்துவிட்டாள். "எந்திரிங்க தாத்தா, போலாம்."

டிரைவர் கம்பியை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டார். "தாயே, ஊசி மட்டும் வேணாம்மா. கையக் காலக் கட்டிப்போட்டு அப்படியே குழாய விடு. கத்தமாட்டேன்."

"வீட்டுக்குப் போலாம்னேன் தாத்தா. குழாய் விட்டு எடுத்து ஒரு மணி நேரமாச்சு. சின்னப் புண்ணுதான், மாத்திரையில ஆறிடும். கண்ணு முழிச்சதுலேர்ந்து இந்தப் பேய்க் கதைய வார்டுக்கே நாலு தரம் சொல்லிட்டீங்க!"

"பொய்! மயக்கத்துல இருக்கறவன் இவ்வளவு தெளிவாவா பேசுவான்? செய்யாத வைத்தியத்துக்குப் பில்லு போடப் பாக்கறீங்களா?"

செருப்பைக் கால் மாற்றி மாட்டிக்கொண்டு, திரையை விலக்கினார். அந்தப் பக்கத்து நாற்காலியில், மடியில் பையோடு அவர் மனைவி உட்கார்ந்திருந்தாள். கண்ணெல்லாம் ஈரம்.

"இவனுங்க என்ன சொன்னாலும் நம்பாதே. நான் வாயே தொறக்கல" என்று சொல்லிவிட்டு, டிரைவர் திரும்பிப் பார்க்காமல் வாசலை நோக்கி நடந்தார்.

அவள் எட்டி வந்து, எப்போதும்போல் அவர் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

"அந்தப் போர்வையத் துவைச்சவளே நான்தாங்க. எந்தப் பேய் கையிலங்க லாரி கிரீஸ் இருக்கும்?"

'ஸ்டெப்னிப் பயதான் போட்டுக் குடுத்துட்டான்' என்று கறுவிக்கொண்டே, எதையும் நம்பாமல் நடந்தார் டிரைவர்.