சப்பாத்துத் தட்டு

யோகமலர் தன் சப்பாத்தைக் கழற்றி, வாசல் தட்டின் இடது கோடியில் வைத்தாள். சண்முகலிங்கத்தாருடையதைப் பறித்து வலது கோடிக்குத் தள்ளினாள்.

"இஞ்ச ஆர் வரப்போகினம், யோகம்? உமக்கு விசர்," என்றார் அவர்.

ரொறன்ரோவில் எந்த மூலைக்குப் போனாலும் கோயிலில் கண்ட முகம் ஒன்று எதிர்ப்படும். அதற்குப் பயந்துதான் இந்த ஜப்பானியக் கலைக்கூடத்தைத் தேடிப் பிடித்திருந்தாள். யாரோ வாழ்ந்த நூற்றைம்பது வருடத்து வீட்டைக் கழற்றிக் கொண்டுவந்து உள்ளே திரும்பப் பொருத்தி வைத்திருந்தார்கள். புதன்கிழமை காலை, ஈ காக்கை இல்லை. தட்டில் வேறு இரண்டே சோடி. ஊரில் பாதிப் பிள்ளைகள் போடும் வெள்ளைச் சப்பாத்துகள்.

கணவர் போய்ச் சேர்ந்து ஒன்பது வருடம். சண்முகலிங்கத்தார் கலியாணம் கேட்டு மூன்று மாதம். போன மாதம்தான் அவரை அண்ணை என்பதை விட்டிருந்தாள்.

மகன் மிதுனன் ஓம் என்று சம்மதித்தால்தான் அவளும் ஓம். அவனிடம் சொல்ல ஒவ்வொரு நாளும் வாயைத் திறப்பாள். சோறு போடவா என்று கேட்டுவிட்டு மூடிக்கொள்வாள்.

வழிகாட்டி ஏஞ்சலா ஒரு விஷயம் சொன்னாள். அந்த நாட்டில் விருந்தாளி உள்ளே இருக்கும்போதே வீட்டுக்காரர் அவருடைய சப்பாத்தை வாசல் பக்கம் திருப்பி வைத்துவிடுவாராம், நல்லபடியாகப் போய் வரட்டும் என்று. இங்கே அதற்கு ஆளில்லை எனச் சிரித்துவிட்டு அவள் தன் மேசைக்குப் போய்விட்டாள்.

யோகமலருக்கு ஆயிரம் கேள்வி. ஆணியே இல்லாமல் கூரை வளை எப்படி நிற்கிறது? கட்டில் எங்கே? சமைத்த புகை எந்த வழியால் போனது? பேப்பர்க் கதவை யாராவது சின்னப்பிள்ளை குத்திக் கிழிக்காமலா இருந்தது?

அந்தக் கதவுக்குப் பின்னால் யாரோ சிரித்தார்கள்.

எட்டிப் பார்க்காவிட்டால் அவளுக்குத் தலை வெடித்துவிடும். ஒரு விரல் அகலம் நகர்த்தினாள்.

மிதுனன். பக்கத்தில் ஒரு பெண்பிள்ளை அவனுடைய கண்ணாடியைத் தன் சால்வையில் துடைத்துக்கொண்டிருந்தாள்.

காலையில் வேலைக்கென்று போனவன். யோகமலரும் பல் டொக்டரிடம் என்றுதான் சொல்லியிருந்தாள்.

சண்முகலிங்கத்தாரின் கையை எட்டிப் பிடித்து உள்ளறைக்கு இழுத்தாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். காலடிகள் வாசலுக்குப் போயின.

அப்போதுதான் சப்பாத்து நினைவு வந்தது. அவளுடையது பிறந்தநாளுக்கு மிதுனன் வாங்கித் தந்தது. சண்முகலிங்கத்தாருடையதில் ஒரு லேஸ் கறுப்பு, மற்றது மண்ணிறம். சனிக்கிழமைகளில் அவளை, அவரும் வரும் யோகா வகுப்பில் இறக்கிவிடும்போதெல்லாம் மிதுனன் அதைச் சொல்லி அவரைப் பகிடி பண்ணுவான்.

இந்தக் கோடி அந்தக் கோடி என்று வைத்து என்ன? கள்ளம் பிடிபட்டுவிட்டது. அவளுக்கு அழுகை வந்தது.

வாசலில் கனநேரம் சத்தமில்லை. பிறகு கதவு சாத்தப்பட்டது.

மெல்ல வெளியே வந்தார்கள். ஏஞ்சலா மேசையை விட்டு அசையாமல் தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தாள். வெள்ளைச் சப்பாத்துகளைக் காணவில்லை.

மற்ற இரண்டு சோடியும் தட்டிலேயே இல்லை. கீழே படியில், ஒன்றையொன்று தொட்டபடி, வாசலைப் பார்த்து இருந்தன.

யோகமலர் சண்முகலிங்கத்தாரின் தோளைப் பிடித்துக்கொண்டு, அவசரப்படாமல் காலை நுழைத்தாள்.